உட்பிரிவு ஈ

சூரமங்கலத்தில் ரயிலை விட்டு இறங்கினால்
முதலில் கண்ணில் படுவது வெள்ளைக் கரடு.
அதைத் தோண்டி, சுட்டு,
இரும்பாலைகளுக்கு உலைக்கல்லாக விற்றுக்கொண்டிருந்தார் அத்தப்பர்.
ஒரே சூளை. இரண்டு லாரி.
அதில் ஒன்று எப்போதும் பட்டறையில்.

எழுபத்தாறில் நான் தட்டச்சுக்குச் சேர்ந்தபோது
கம்பெனி அவ்வளவுதான்.
அது வளர்ந்த கதையைப்
பொன்விழா மலரில் வேறு மாதிரி எழுதியிருக்கிறார்கள்:
தொலைநோக்கு, துணிவு, தெய்வ அருள்.
நான் பார்த்தது
பழுப்புத் தாளில் அச்சான ஒரு புத்தகம்.
ஏப்ரல் பிறந்தால் டெல்லியிலிருந்து வரும்.
கணக்கர் சம்பங்கிராமன் கை கழுவிவிட்டு வந்து
பஞ்சாங்கம் போலப் பிரிப்பார்.

வெளிநாட்டுக்கு அனுப்பு,
அனுப்பியதில் ஒரு பங்குக்கு இறக்குமதி உரிமம் தருகிறேன்
என்றது புத்தகம்.
உரிமத்தை நீயே வைத்துக்கொள்,
வேண்டாமென்றால் விற்றுக்கொள்
என்றது பத்தி ஒன்பது, உட்பிரிவு ஈ.
"ஈன்னா கொடுன்னு அர்த்தம் ஸ்டெல்லா" என்றார் சம்பங்கிராமன்.
பூச்சி என்றும் அர்த்தம் உண்டு.
நான் சொல்லவில்லை. வேலைக்குப் புதுசு.

அந்த வருடம் கல் நஷ்டத்தில் போனது,
தாள் லாபத்தில் வந்தது.
பம்பாயில் யாரோ ஒருவர்
ஒரு கப்பல் கல்லைவிட
ஒரு கவர் தாளுக்கு அதிகம் கொடுத்தார்.

துண்டுக்குச் சலுகை கூடியது. அம்மாப்பேட்டையில் துண்டு நெய்தோம்.
சூளைக்காரனுக்கு எதற்குத் துண்டு என்று கேட்டவர்களிடம்
வியர்வை துடைக்க என்றான் வாட்ச்மேன்.
அந்நியச் செலாவணி ஈட்டும் விடுதிக்கு வரி குறைந்தது.
ஏற்காட்டில் பத்தொன்பது அறைகள் முளைத்தன.
மரவள்ளிக்கு ஒரு பிரிவு தொடங்கினோம்,
பெயர்ப்பலகையில் பெயின்ட் காய்வதற்குள்
அடுத்த அறிவிப்பு வந்து மூடினோம்.
மரம் வெயிலைப் பார்த்துக் கிளை விடும்.
எங்கள் குழுமம்
அரசிதழைப் பார்த்து விட்டது.

எண்பத்தொன்பது, மார்ச்.
சுங்கம் இல்லாமல் இறக்கிய தறிகளுக்கு ஈடாக
எட்டு டன் கல் முப்பத்தொன்றுக்குள் கப்பலேற வேண்டும்.
வாங்க ஆள் இல்லை.
மருமகனின் சிநேகிதர் ஒருவர்
சிங்கப்பூரில் மெத்தைக் கடை வைத்திருந்தார்.
அவர் பெயருக்கு விலைப்பட்டியல் அடித்தேன்,
கார்பன் வைத்து ஏழு பிரதி.
முப்பது லாரி இருந்தும்
அன்றைக்குக் கிடைத்தது அந்தப் பழைய லாரி.
தலைவாசல் தாண்டி அச்சு முறிந்தது.

கல் கப்பலைத் தவறவிட்டது.
தாள் தவறவிடவில்லை.
மருமகன் அதை ரயிலில் கொண்டுபோய்
எப்படியோ முத்திரை வாங்கிவிட்டார்.
இனி அந்தக் கல் கிடங்கில் இருக்கக் கூடாது.
விற்கவும் கூடாது. கணக்கில் அது கடல் தாண்டியாயிற்று.

அச்சு மாற்றிய லாரி
இரவோடு இரவாக இருபது வளைவும் ஏறியது.
விடுதிக்குச் சுற்றுச்சுவர் ஆனது.
"இத்தனை கனத்த கல்லு டேலியாப் பூவுக்குக் காவலா?"
என்று கேட்டானாம் நாகலூர்க் கொத்தன் வெள்ளையன்.

தொண்ணூற்றிரண்டில் உட்பிரிவு ஈ போனது.
துண்டு ஆலை போனது. சம்பங்கிராமனும் போனார்.
எனக்குப் பிரிவு உபசாரம் மலைமேல்,
நான்கு வகைக் கூட்டுடன்.
சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

ஆயிரத்து எழுநூறு டிகிரி தாங்கும் கல் அது.
ஈரம் மட்டும் தாங்காது.
பனி குடித்துக் குடித்து
ஒவ்வொரு கல்லும் பொதபொதவென்று ஊதி,
விண்டு,
தொட்டால் மாவாக உதிர்ந்தது.

மூட்டு வலி. கொஞ்சம் சாய்ந்துகொண்டேன்.
நான் அடித்த ஏழு பிரதியின்படி
அப்போது நான் சாய்ந்திருந்தது
சிங்கப்பூரில், ஒரு மெத்தைக் கடையில்.
சேலையெல்லாம் வெள்ளை.